முகம் தெரியாத எதிராளி

2009-ம் வருஷம். டிசம்பர் மாதம் 8-ம் தேதி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பிரையன் ஹேஸ்டிங்ஸ் என்கிற இருபத்தொரு வயது இளைஞர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சீட்டாட ஆரம்பித்தார்.

சுமார் ஐந்து மணி நேரம். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆட்டங்கள். எழுந்தபோது அவர் கணக்கில் ஏறியிருந்த தொகை, கிட்டத்தட்ட 42 லட்சம் டாலர். ரூபாய் இல்லை சார், டாலர்.

எதிரே ஆடியது யார்? ஹேஸ்டிங்ஸுக்கே தெரியாது. 'இஸில்டுர்1' என்று ஒரு புனைபெயர் மட்டும் திரையில் இருந்தது. டோல்கினின் கதையில் வருகிற ராஜா ஒருத்தரின் பெயர். ஊர் தெரியாது. வயது தெரியாது. சிரிக்கிறாரா, அழுகிறாரா, வியர்க்கிறதா, எதுவும் தெரியாது.

ஆனால் அவர் எப்படி ஆடுவார் என்பது ஹேஸ்டிங்ஸுக்கு அத்துப்படி. எந்த நிலைமையில் எவ்வளவு கட்டுவார், எப்போது மிரட்டுவார், மிரட்டினால் எப்போது ஒதுங்குவார், எல்லாம். காரணம், வீட்டுப்பாடம். அவரும் அவருடைய இரண்டு நண்பர்களும் சேர்ந்து, இந்த ஒரே ஒரு எதிராளிக்காகத் தனியாகப் பாடம் படித்திருந்தார்கள்.

அந்தப் பாடம்தான் பிற்பாடு சந்தி சிரித்தது.

அது என்ன என்று புரிய வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போகவேண்டும். முதல் நிறுத்தம், நம் வீட்டுத் திண்ணை.

ஒத்தையா ரெட்டையா ஆடியிருப்பீர்கள். கைக்குள் புளியங்கொட்டை. எதிரே இருப்பவன் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் கொட்டை அவனுக்கு. தப்பாகச் சொன்னால் அவன் நமக்குத் தரவேண்டும். என் மாமா பையன் இதில் சூரன். கோடை விடுமுறை முடிவதற்குள் என் டப்பா காலியாகிவிடும். எப்படிடா என்று கேட்டால், "உன் மூஞ்சியில எழுதியிருக்கு" என்பான். மூஞ்சியெல்லாம் இல்லை. ஒருமுறை ஒத்தை வைத்துத் தோற்றால் அடுத்த முறை கட்டாயம் ரெட்டை வைப்பேன். எனக்கே தெரியாத என் வழக்கம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

இதே ஆட்டம், இதே மாதிரி ஒரு பையன், 1844-ல் எட்கர் ஆலன் போ எழுதிய துப்பறியும் கதை ஒன்றில் வருகிறான். எட்டு வயது. எதிராளி எவ்வளவு புத்திசாலி என்று எடைபோட்டே பள்ளிக்கூடத்தின் கோலிகளையெல்லாம் ஜெயித்துவிடுகிறான்.

சரி, இந்தப் பையனை எப்படித் தோற்கடிப்பது?

இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பதிலை 1928-ல் சொன்னார், ஜான் வான் நாய்மன். ஹங்கேரியில் பிறந்த கணித மேதை. அவருடைய கணக்கை இந்த ஆட்டத்துக்குப் போட்டால் வரும் விடை ரொம்ப எளிது. காசைச் சுண்டிப் போடுங்கள். பூ விழுந்தால் ஒற்றை, தலை விழுந்தால் இரட்டை. நீங்கள் யோசிக்காதபோது உங்கள் யோசனையை அவன் எப்படிப் படிப்பான்? எட்டு வயது மேதையே வந்தாலும் நீண்ட ஓட்டத்தில் உங்களை ஜெயிக்க முடியாது.

நல்ல ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது, கவனியுங்கள். எதிரே என்னை மாதிரி ஒரு அசடு உட்கார்ந்திருந்தாலும் உங்களால் ஜெயிக்க முடியாது. காசைச் சுண்டுகிறவன் தோற்கமாட்டான். என் டப்பாவைக் காலி செய்யவும் மாட்டான். காலி செய்யவேண்டுமென்றால் சுண்டுவதை நிறுத்திவிட்டு, என் வழக்கத்தைக் கவனித்து ஆடவேண்டும். அப்படி ஆட ஆரம்பித்த வினாடியே அவனுக்கும் ஒரு வழக்கம் வந்துவிடுகிறது. அதை வேறொருவன் கவனிக்கலாம்.

இந்தக் கட்டுரையின் சாரமே இவ்வளவுதான். மிச்சமெல்லாம் டாலர்.

*

வான் நாய்மனுக்குப் போக்கரில் ஆர்வம் அதிகம். 1944-ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து அவர் எழுதிய தடிமனான புத்தகத்தில் போக்கருக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு.

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மூணு சீட்டுக்கு அண்ணன் முறை. சீட்டு கையில் வரும். நல்ல சீட்டு என்று நினைத்தால் பணம் கட்டலாம். மற்றவர்கள் அதே தொகையைக் கட்டித் தொடரலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். எல்லோரும் ஒதுங்கிவிட்டால் நடுவில் இருக்கும் பணம் உங்களுக்கு. உங்கள் சீட்டை யாருக்கும் காட்டவேண்டாம். ஆகவே குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு ராஜா மாதிரிப் பணம் கட்டி மிரட்டலாம். அதற்குப் பெயர் ப்ளஃப்.

ப்ளஃப் என்பது மனத்துணிச்சல் சம்பந்தப்பட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வான் நாய்மன்தான், இல்லை, அது கூட்டல் கழித்தல் சம்பந்தப்பட்டது என்று காட்டினார். பி.காம் படித்தவன் என்கிற முறையில் அந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட எனக்கு உரிமை இருக்கிறது.

நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. கடைசிச் சுற்று. உங்களிடம் குப்பைச் சீட்டு. 100 ரூபாய் கட்டி மிரட்டுகிறீர்கள். எதிராளி ஒதுங்கினால் உங்களுக்கு 100 லாபம். ஒதுங்காவிட்டால் 100 நஷ்டம். அவர் நூற்றுக்கு 60 தடவை ஒதுங்குகிற பயந்தாங்கொள்ளி என்றால்? வரவு 6,000. செலவு 4,000. நிகர லாபம் 2,000. தினமும் மிரட்டலாம். அவர் நூற்றுக்கு 40 தடவை மட்டுமே ஒதுங்குகிறவர் என்றால்? அதே கணக்கு தலைகீழ். 2,000 நஷ்டம். ஒருதடவை கூட மிரட்டக்கூடாது.

சீட்டு அதே சீட்டு. பணம் அதே பணம். எதிராளி மாறினால் சரியான ஆட்டம் மாறிவிடுகிறது.

எதிராளி யாரென்றே தெரியாவிட்டால் என்ன செய்வது? அதற்கும் கணக்கு இருக்கிறது. இதே 100-க்கு 100 நிலைமையில், மூன்று முறை பணம் கட்டினால் இரண்டு முறை நிஜமான சீட்டோடு கட்டுங்கள், ஒருமுறை பொய்யாகக் கட்டுங்கள். எதிராளி மூன்று முறையும் தொடர்ந்தால் இரண்டு முறை 100 இழப்பார், ஒருமுறை 200 பெறுவார். வரவும் செலவும் நேர். தொடர்ந்தாலும் ஒதுங்கினாலும் அவருக்கு ஒன்றுதான். எப்படி முட்டினாலும் சுவர். 1950-ல் ஜான் நாஷ் இந்த மாதிரி நிலைக்குப் பொதுவான ஒரு நிரூபணம் கொடுத்தார். 'நாஷ் சமநிலை' என்று பெயரே வந்துவிட்டது.

லாஸ் வேகாஸ் மேஜைகளில் இதையெல்லாம் யாரும் சட்டை செய்யவில்லை என்பது வேறு விஷயம். அங்கே டாயில் பிரன்ஸன் மாதிரி டெக்ஸாஸ்காரர்கள் கோலோச்சிக்கொண்டிருந்தார்கள். 1976, 1977 இரண்டு வருஷமும் உலக சாம்பியன். அவர்களுடைய பள்ளிக்கூடம் எதிராளியின் முகம். கை நடுங்குகிறதா, பேச்சு நின்றுவிட்டதா, தோற்ற கோபத்தில் இருக்கிறானா என்று பார்த்தே ஆடுவார்கள். எழுபதுகளின் கடைசியில் பிரன்ஸன் தன் வித்தைகளையெல்லாம் ஒரு புத்தகமாகப் போட்டு 100 டாலர் விலை வைத்தார். அந்தக் காலத்துக்கு அது அநியாய விலை. ஆனாலும் வாங்கினார்கள்.

பிறகு இன்டர்நெட் வந்தது. முகம் போய்விட்டது.

*

1998 ஜனவரி 1 அன்று 'பிளானெட் போக்கர்' என்கிற இணையத்தளத்தில் நிஜப் பணத்துக்கான முதல் ஆட்டம் ஆடப்பட்டது. ஐந்து வருஷம் இது ஏதோ கம்ப்யூட்டர் பைத்தியங்களின் பொழுதுபோக்காக ஓடிக்கொண்டிருந்தது. 2003-ல் வந்தார், கிறிஸ் மணிமேக்கர். நம்புங்கள், நிஜப் பெயரே அதுதான். டென்னஸி மாநிலத்தில் அக்கவுன்டன்ட் உத்தியோகம். இணையத்தில் நூறு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் ஒரு தகுதிச் சுற்று ஆடி, அப்படியே படிப்படியாக ஏறி, லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போனார். 839 பேர் ஆடிய போட்டி. ஜெயித்து 25 லட்சம் டாலரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவ்வளவுதான். ஒரு கணக்குப்பிள்ளையால் முடியுமென்றால் நம்மால் முடியாதா என்று உலகமே உட்கார்ந்துவிட்டது. 2003-ல் 839 பேர் ஆடிய அதே போட்டியில் 2006-ல் ஆடியவர்கள் 8,773 பேர்.

முகம் இல்லாத இந்த ஆட்டத்தில் எதிராளியை எப்படிப் படிப்பது?

அதுதான் வேடிக்கை. முகம் இருந்த காலத்தைவிட இப்போது இன்னும் நன்றாகப் படிக்க முடிந்தது. காரணம், ஒவ்வொரு ஆட்டமும் எழுத்து வடிவத்தில் உங்கள் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. யார் எவ்வளவு கட்டினார், எப்போது ஒதுங்கினார், கடைசியில் என்ன சீட்டைக் காட்டினார், எல்லாம். முகம் பொய் சொல்லும். பேரேடு பொய் சொல்லாது.

இந்தப் பதிவுகளை விழுங்கிக் கணக்கெடுக்கும் மென்பொருள்கள் 2000-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. எதிராளியின் பெயருக்குப் பக்கத்திலேயே அவருடைய ஜாதகத்தை எண்களாகக் காட்டும். முக்கியமாக இரண்டு எண்கள். நூறு ஆட்டத்தில் எத்தனை முறை தானாக விரும்பிப் பணம் போடுகிறார்? அதில் எத்தனை முறை தொகையை ஏற்றுகிறார்?

ஆறு பேர் ஆடும் ஒரு மேஜையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருத்தருக்கு முதல் எண் 12. நூற்றுக்கு 88 முறை ஒதுங்கிவிடுகிற மகா கருமி. இவரிடம் சின்னச் சின்னத் தொகைகளை மிரட்டியே பிடுங்கலாம். ஆனால் இவர் திடீரென்று தொகையை ஏற்றினால் நல்ல சீட்டு வந்துவிட்டது என்று அர்த்தம். ஓடிவிட வேண்டும்.

அடுத்தவருக்கு முதல் எண் 55. இரண்டாவது எண் 5. எதையாவது வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தொடர்வார், ஏற்றவே மாட்டார். போக்கர்காரர்கள் பாஷையில் இவர் 'மீன்'. இவரை மிரட்டவே கூடாது, ஒதுங்கமாட்டார். நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, வந்ததும் பெரிதாகக் கட்டவேண்டும். பாவம், தொடர்வார்.

மூன்றாமவருக்கு 40, 32. எடுத்ததெற்கெல்லாம் ஏற்றுகிற முரடர். இவரிடம் நல்ல சீட்டு வந்தால் சத்தமே போடக்கூடாது. அவரே கட்டுவார். கட்டட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. முப்பது ஆட்டம் பார்த்துவிட்டு ஒருத்தரை முரடர் என்று முடிவுகட்டக் கூடாது. முப்பது ஆட்டத்தில் அவருக்கு வரிசையாக நல்ல சீட்டே வந்திருக்கலாம். பொதுவான சுபாவம் தெரியவே சில நூறு ஆட்டம் வேண்டும். கடைசிச் சுற்றில் மிரட்டினால் என்ன செய்வார் என்பது மாதிரி அபூர்வமான நிலைமைகளுக்குப் பல ஆயிரம் வேண்டும். பதிவு அதிகம் வைத்திருப்பவன் ராஜா. அப்புறமென்ன? பதிவுகளே சரக்காகிவிட்டன. தான் ஆடாத ஆட்டங்களின் பதிவுகளைக்கூட லட்சக்கணக்கில் விலைக்கு வாங்க முடிந்தது.

*

இந்தச் சூழ்நிலையில்தான் 2009-ன் பிற்பகுதியில் ஃபுல் டில்ட் போக்கர் தளத்தில் இஸில்டுர்1 வந்து உட்கார்ந்தார்.

யாரிடமும் அவரைப் பற்றிய பதிவு இல்லை. அதுதான் அவருடைய முதல் பலம். இரண்டாவது பலம், முரட்டுத்தனம். அமெரிக்காவின் டாம் டுவான், ஃபில் ஐவி, பின்லாந்தின் பாட்ரிக் அன்டோனியஸ் என்று அன்றைக்கு உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களை ஒரே சமயத்தில் பல மேஜைகளில் சந்தித்தார். டுவானிடமிருந்து மட்டும் சில நாள்களில் லட்சக்கணக்கான டாலர். ஒரு கட்டத்தில் அவர் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் லாபத்தில் இருந்தார். நவம்பர் 21 அன்று ஒரே ஓர் ஆட்டத்தில் நடுவில் சேர்ந்த பணம் 13 லட்சத்து 56 ஆயிரம் டாலருக்கு மேல். இணையப் போக்கர் அதுவரை பார்த்திராத தொகை. அதை ஜெயித்தது அன்டோனியஸ். ஆனால் ஊர் பேசியது இஸில்டுரைப் பற்றித்தான்.

ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார், தனக்குத் தெரியாமலேயே. தன்னைப் பற்றிய பேரேட்டை எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேரேட்டைச் சேகரித்தவர்கள் பிரையன் டவுன்செண்ட், கோல் சௌத். இருவரும் ஹேஸ்டிங்ஸின் நண்பர்கள். மூவரும் ஒரே போக்கர் பயிற்சித் தளத்தில் பாடம் நடத்துகிறவர்கள். மூவருமே இஸில்டுருடன் ஆடியவர்கள். தங்கள் பதிவுகளைச் சேர்த்து வைத்தார்கள். டவுன்செண்ட் தான் ஆடாத ஆட்டங்களின் பதிவுகளையும் வாங்கிச் சேர்த்தார். ஆயிரக்கணக்கில் இல்லை, பல்லாயிரக்கணக்கில். டிசம்பர் 8 அன்று ஹேஸ்டிங்ஸ் ஆடிய ஆட்டத்தின் பெயர் ஒமாஹா. ஆளுக்கு நாலு சீட்டு, மேஜையில் ஐந்து சீட்டு. வகைகள் அதிகம். ஆகவே எதிராளி எந்தெந்த வகையை எப்படி ஆடுவார் என்று தெரிந்திருப்பதன் மதிப்பும் அதிகம். தவிர, இருவர் மட்டும் ஆடும் ஆட்டம். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

ஜெயித்த சந்தோஷத்தில் ஹேஸ்டிங்ஸ் ஒரு தவறு செய்தார். பேட்டி கொடுத்தார். டவுன்செண்டின் ஆராய்ச்சி எவ்வளவு உதவியது என்று மனதார நன்றி சொன்னார்.

வில்லங்கம் ஆரம்பித்தது. ஃபுல் டில்ட்டின் விதிப்படி, நீங்கள் ஆடாத ஆட்டங்களின் பதிவைப் பகிர்ந்து பயன்படுத்தக் கூடாது. ஆடும் நேரத்தில் யாரும் யாருக்கும் உதவவில்லை, முன்னால் படித்த பாடம்தானே என்று இவர்கள் தரப்பில் சொன்னார்கள். கிரிக்கெட்டில் எதிரணி பந்து வீச்சாளரின் வீடியோவைப் பார்த்துத் தயாராவதில்லையா? நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மூன்று பேர் கண்ணால் பார்த்ததை ஒருத்தர் கையில் கொடுத்து, தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தருக்கு எதிரே அனுப்புவது நியாயமா? விதியை மீறினேன் என்று டவுன்செண்டே ஒப்புக்கொண்டார். தளத்தின் அதிகாரபூர்வ வீரர் என்கிற அந்தஸ்து ஒரு மாதத்துக்கு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. போன 42 லட்சம் திரும்பவில்லை.

2011 ஜனவரியில் இஸில்டுர் வெளியே வந்தார். பெயர், விக்டர் ப்ளோம். ஸ்வீடன்காரர். அந்த 42 லட்சத்தைத் தோற்றபோது அவருக்கு வயது 19.

*

எதிராளியைப் படித்து அடிப்பதுதான் உச்சகட்டத் திறமை என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, இயந்திரம் வேறு வழியில் வந்தது.

2017 ஜனவரி. பிட்ஸ்பர்க் நகரத்தில் ஒரு சூதாட்ட விடுதி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டுவோமாஸ் சாண்ட்ஹோம், அவருடைய மாணவர் நோம் பிரவுன் இருவரும் உருவாக்கிய 'லிப்ரேட்டஸ்' என்கிற நிரல். எதிரே டாங் கிம், ஜேசன் லெஸ், ஜிம்மி சௌ, டேனியல் மெக்காலே என்று நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள். 20 நாள். 1,20,000 ஆட்டம். இரண்டு வருஷம் முன்னால், 2015-ல், இதே பல்கலைக்கழகத்தின் முந்தைய நிரல் மனிதர்களிடம் பின்தங்கியிருந்தது. ஆகவே மனிதர்கள் தைரியமாகத்தான் வந்தார்கள்.

ஹேஸ்டிங்ஸ் கோஷ்டி செய்ததையே இவர்களும் செய்தார்கள். இங்கே அதற்கு அனுமதி உண்டு. தினமும் ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து, இயந்திரம் எங்கே வழுக்குகிறது என்று குறிப்புகளை ஒப்பிட்டார்கள். மறுநாள் அந்த ஓட்டையில் கை வைத்தார்கள்.

இயந்திரமும் ராத்திரி தூங்கவில்லை. ஆனால் அது இந்த நான்கு பேரின் பலவீனங்களைத் தேடவில்லை. டாங் கிம் எப்போது பயப்படுவார், ஜேசன் லெஸ் எப்போது மிரட்டுவார் என்பதில் அதற்கு அக்கறையே இல்லை. இவர்கள் பகலில் தன்னிடம் எந்த இடத்தில் கை வைத்துப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனித்தது. ராத்திரி சூப்பர் கம்ப்யூட்டரில் அந்த ஓட்டையைக் கணக்குப் போட்டு அடைத்துக்கொண்டது. காலையில் மனிதர்கள் வந்து கை வைத்தால் அங்கே சுவர் இருக்கும்.

ஜனவரி 30 அன்று கணக்கு முடித்தபோது இயந்திரம் 17,66,250 டாலர் மதிப்புள்ள சில்லுகள் முன்னால் இருந்தது. நல்லவேளை, நிஜப் பணம் இல்லை. நான்கு பேருக்கும் பரிசாக ஒதுக்கிய 2 லட்சம் டாலர் எப்படியும் அவர்களுக்குள் பிரிந்தது.

வான் நாய்மன் ஜெயித்துவிட்டார் என்று சொல்லலாம். எனக்கென்னவோ அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. எதிராளியை உற்றுப் பார்த்ததில் தன் ஓட்டையை மறந்தவர்கள் அந்த நான்கு பேர். எதிராளியின் விரல் போகிற இடத்தை வைத்துத் தன் ஓட்டையைத் தெரிந்துகொண்டது அந்த இயந்திரம்.

மனிதர்களும் பாடம் கற்றார்கள். சமநிலை ஆட்டத்தைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள்களை வாங்கிப் படித்தார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் சுவராகிவிட்டால் யாரிடமிருந்து சம்பாதிப்பது? தளம் வேறு ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டு சுவர்கள் மோதினால் லாபம் தளத்துக்குத்தான். ஆகவே மீனைத் தேடினார்கள். தங்களுக்குள் ஆடாமல், வெறும் மேஜையில் மணிக்கணக்காகக் காத்திருந்து, ஏமாளி வந்து உட்கார்ந்தால் மட்டும் ஆடுகிற கூட்டம் ஒன்று உருவானது. மீன்கள் சீக்கிரம் தீர்ந்துபோனால் கடையை மூடவேண்டியதுதான் என்று தளங்களுக்கே பயம் வந்துவிட்டது. 2019-ல் பார்ட்டி போக்கர் தளம் ஆட்டப் பதிவுகளை எடுத்துக்கொள்ளும் வசதியை நிறுத்தியது. ஆட்டக்காரர்கள் அனைவரையும் பெயர் மாற்றிக்கொள்ளச் சொன்னது. அதுவரை சேர்த்த ஜாதகமெல்லாம் ஒரே நாளில் குப்பை.

நம் ஊர் நீதிமன்றத்துக்கும் இந்த விவகாரம் வந்தது. போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா? 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழக அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றை மட்டும் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடுவதே கூடாது என்றது. திறமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திறமையில் பெரும்பகுதி, எதிரே இருக்கும் திறமையில்லாதவரை அடையாளம் கண்டுபிடிக்கும் திறமை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தருக்கு, அந்த மேஜையில் 55, 5 என்று எழுதி ஒட்டியிருப்பது தன் பெயருக்குப் பக்கத்தில்தான் என்று தெரியவே தெரியாது.

*

கடைசியாக ஒன்று.

டவுன்செண்டுக்கு ஒரு மாதத் தண்டனை கொடுத்த நேர்மையான நிறுவனம் ஃபுல் டில்ட் போக்கர் என்று சொன்னேன் அல்லவா? 2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. அமெரிக்க அரசு அந்தத் தளத்தையும் வேறு சில தளங்களையும் முடக்கியது. போக்கர்காரர்கள் இன்றைக்கும் 'கறுப்பு வெள்ளி' என்பார்கள். ஆட்டக்காரர்கள் தங்கள் கணக்கில் இருக்கும் பணத்தைக் கேட்டார்கள். வரவில்லை.

செப்டம்பரில் காரணம் தெரிந்தது. அரசு வழக்கறிஞர் ப்ரீத் பராரா, நம் பஞ்சாபில் பிறந்தவர், நீதிமன்றத்தில் கணக்கை வைத்தார். அந்த வருஷம் மார்ச் 31 நிலவரப்படி ஃபுல் டில்ட் தன் ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டிய தொகை சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. இதற்கிடையில் இயக்குநர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் நான்கு வருஷத்தில் பிரித்துக் கொடுத்தது சுமார் 44 கோடி. இது போக்கர் நிறுவனமே இல்லை, உலகளாவிய மோசடித் திட்டம் என்றார் பராரா. தலைமை அதிகாரி ரே பிட்டார் 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இயக்குநர்களில் ஒருவர் கிறிஸ் ஃபெர்குஸன். 2000-ம் வருஷ உலக சாம்பியன். கணிப்பொறியியலில் டாக்டர் பட்டம். மேஜையில் கணக்குப் போட்டே ஆடுகிறவர் என்று பெயர். அவரும் தவறை ஒப்புக்கொள்ளாமல் அரசோடு சமரசம் செய்துகொண்டார். 2012-ல் போக்கர் ஸ்டார்ஸ் நிறுவனம் தளத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் பணம் திரும்ப வழி பிறந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு 2014-ல்தான் வர ஆரம்பித்தது.

பல்லாயிரம் ஆட்டங்களைத் தோண்டித் துருவி, ஸ்வீடனில் ஒரு பையன் எப்போது மிரட்டுவான், எப்போது ஒதுங்குவான் என்று கணக்கெடுத்த புத்திசாலிகள் அத்தனை பேரும் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்குச் சொந்தக்காரர் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் கணக்கெடுக்கவில்லை.